சோற்றைக் குறைத்தவர்களின் கதை



சென்ற மாதம் நம் உறவில் ஒரு பெண் போனில் கேட்டாள். "சித்தப்பா, பாப்பாவுக்கு இன்சுலின் ஊசியை நிறுத்திட்டுப் பேலியோவில் போட்டுப் பார்க்கலாமா? நீங்க அதுலதானே சர்க்கரையைக் குறைச்சீங்க?" பாப்பாவுக்குப் பதினொரு வயது. வந்திருப்பது முதல் வகைச் சர்க்கரை நோய். அதே வாரம் 1988 செட் மாணவர் ஒருவர், இப்போது சிங்கப்பூரில் இருப்பவர், வேறொரு கேள்வி அனுப்பியிருந்தார். "சார், டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொல்கிறார். ஆயிரம் வருஷமாக நம் முன்னோர் மூன்று வேளையும் சோறு சாப்பிட்டுத்தானே நன்றாக இருந்தார்கள்? நமக்கு மட்டும் எப்படி அது ஆகாமல் போகும்?"

நான் மருத்துவன் இல்லை. முப்பத்து நான்கு வருடம் வரலாறு சொல்லிக் கொடுத்தவன். ஆனால் இந்த இரண்டு கேள்விக்கும் பாதி விடை வரலாற்றில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அவசரக்காரர்கள் கடைசிப் பகுதியை மட்டும் படித்தால் போதாது. நடுவில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் வருகிறார்கள், அவர்களைக் கட்டாயம் பார்த்துவிட்டுப் போங்கள்.

முதலில் ஒரு வேடிக்கையான ஆண்டுப் பொருத்தம். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் ஆய்வாளர் சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அதுதான் முதல் சான்று. என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்த யாரும் இதை மறந்திருக்க முடியாது, மறந்திருந்தால் இப்போது நினைவில் கொள்ளுங்கள். பேலியோ என்ற சொல்லே அந்தப் பழைய கற்காலத்தின் ஆங்கிலப் பெயரிலிருந்து வெட்டி எடுத்ததுதான். அதே 1863இல் லண்டனில் வில்லியம் பான்டிங் என்பவர் ஒரு சிறு வெளியீட்டை அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார். மாவுச்சத்தைக் குறைத்து உடம்பு இளைத்த கதையை ஒருவர் தன் அனுபவமாக எழுதி ஊர் முழுக்கப் பரவியது அதுதான் முதல் தடவை எனலாம். பல்லாவரத்துக் கோடரிக்கும் லண்டன் வெளியீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் நூற்றைம்பது வருடம் கழித்து இரண்டும் ஒரே பெயரில் நம் செல்போனுக்குள் வந்து சேர்ந்தன.

பான்டிங் தொழிலில் ஈமச்சடங்கு ஏற்பாட்டாளர். அரச குடும்பத்துச் சாவுக்கெல்லாம் அவர் குடும்பம்தான் ஏற்பாடு செய்யும். அவர் உயரம் ஐந்தடி ஐந்தங்குலம், எடை 92 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. குனிந்து செருப்பு வார் கட்ட முடியாது. மாடிப்படியில் முழங்கால் தாங்காமல் பின்பக்கமாகத்தான் இறங்குவார். காது மந்தமாகி வில்லியம் ஹார்வி என்ற காது மருத்துவரிடம் போனார். அந்த மருத்துவர் பாரிஸில் கிளாட் பெர்னார் என்ற அறிஞர் கல்லீரலையும் சர்க்கரையையும் பற்றி ஆற்றிய உரைகளைக் கேட்டு வந்தவர். ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு, பால், வெண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். இறைச்சி, மீன், காய்கறி, காய்ந்த ரொட்டித் துண்டு கொஞ்சம், திராட்சை மது என்று சாப்பிடச் சொன்னார். ஏறத்தாழ ஓராண்டில் 21 கிலோ குறைந்தது. வெண்ணெயும் கூடாது என்றதைக் கவனியுங்கள். இன்றைக்கு டீயில் வெண்ணெய் போட்டுக் குடிப்பவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கும். அந்த மனிதர் 1878இல், 81 வயதில்தான் இறந்தார். அவர் பெயரே ஒரு வினைச்சொல் ஆகிவிட்டது. ஸ்வீடன் மொழியில் உடம்பு இளைக்க உணவைக் குறைப்பதற்கு இன்றும் 'பன்டா' என்றுதான் சொல்கிறார்கள்.

இது உடல் பருமன் கதை. சர்க்கரை நோய்க்கு இதே வழியை இன்னும் முன்பே முயன்றிருக்கிறார்கள். 1797இல் ஜான் ரோலோ என்ற ராணுவ மருத்துவர் மெரிடித் என்ற கேப்டனுக்குத் தானியத்தை நிறுத்தி இறைச்சியும் கொழுப்புமாகக் கொடுத்துச் சிறுநீரில் சர்க்கரையைக் குறைத்துக் காட்டினார். 1870இல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டது. நகரமே பட்டினி கிடந்தது. அப்போது பூஷார்தா என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். பஞ்சத்தில் அவருடைய சர்க்கரை நோயாளிகள் சிலருக்குச் சிறுநீரில் சர்க்கரையே காணாமல் போயிருந்தது. போர் எத்தனையோ பேரைக் கொன்றது. சிலருக்கு அதுவே பத்தியமாகவும் அமைந்தது.

ஆக, மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை குறையும் என்பது யாரும் நேற்றுக் கண்டுபிடித்த ரகசியம் இல்லை. மருந்துக் கம்பெனிகள் மறைத்த ரகசியமும் இல்லை. இருநூறு வருடமாக மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். பிறகு ஏன் இன்சுலினைத் தேடினார்கள்? என் உறவுப் பெண்ணின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

1910களில் அமெரிக்காவில் ஃபிரடெரிக் ஆலன் என்ற மருத்துவர் இந்தக் குறைமாவு வழியை அதன் எல்லைவரை கொண்டுபோனார். முதலில் பட்டினி. பிறகு சிறுநீரில் சர்க்கரை தென்படாத அளவுக்கு மட்டும் உணவு. சர்க்கரை தென்பட்டால் மறுபடி பட்டினி. வயதான, பருத்த நோயாளிகள் இதில் தேறினார்கள். குழந்தைகள்? அவர்களுக்குக் கணையத்தில் இன்சுலினே சுரக்காது. மாவுச்சத்தைக் குறைத்தால் அவர்கள் சாவு சில மாதம், சில வருடம் தள்ளிப்போகும். அவ்வளவுதான். எலும்பும் தோலுமாகி, பசியில் செத்தார்களா நோயில் செத்தார்களா என்று சொல்ல முடியாத நிலையில் போனார்கள். ஆலன் கெட்டவர் இல்லை. கையில் வேறு ஆயுதம் இல்லாத காலத்தில் இருந்த ஒன்றை வைத்துப் போராடியவர்.

எலிசபெத் ஹ்யூஸ் என்ற சிறுமி அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள். 1919இல், பதினொரு வயதில் நோய் வந்தது. நம் பாப்பாவின் வயது. ஆலனிடம் சேர்த்தார்கள். பணத்துக்கும் செல்வாக்குக்கும் குறைவில்லை, உலகின் மிகச் சிறந்த பத்திய மருத்துவம் கிடைத்தது. மூன்று வருடத்தில், பதினைந்தை நெருங்கிய பெண்ணின் எடை 20 கிலோ. நம் வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை அவ்வளவு இருக்கும்.

இதற்கிடையில் கனடாவில் டொரான்டோ நகர மருத்துவமனையில் லியனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுப் பையன் கிடந்தான். அவனும் பத்தியத்தில் இருந்தவன்தான். எடை 29 கிலோ. 1922 ஜனவரி 11 அன்று, மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த சாற்றை அவனுக்கு ஊசியாகப் போட்டார்கள். முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை, போட்ட இடத்தில் கட்டிதான் வந்தது. காலிப் என்ற வேதியியலாளர் இரவு பகலாக உட்கார்ந்து அந்தச் சாற்றைச் சுத்திகரித்தார். 23ஆம் தேதி மறுபடி போட்டார்கள். 520 இருந்த சர்க்கரை 120க்கு இறங்கியது. இன்சுலினைக் கண்டறிந்த குழுவில் இருந்த ஒருவரின் பெயரும் பான்டிங்தான், ஃபிரடெரிக் பான்டிங். ஒரு பான்டிங் மாவைக் குறைத்தார், இன்னொரு பான்டிங் மருந்தைக் கொடுத்தார்; தேர்வில் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். அந்த ஆண்டு ஆகஸ்டில் எலிசபெத்தை டொரான்டோவுக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போட்டதும் அவள் மறுபடியும் ரொட்டி சாப்பிட்டாள். வளர்ந்தாள், கல்யாணம் ஆனது, பிள்ளை பெற்றாள். 1981இல், 73 வயதில்தான் இறந்தாள்.

அதனால் அம்மா, பாப்பாவின் ஊசியை ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. அவளுக்கு இன்சுலின் என்பது மருந்து மட்டும் இல்லை, அவள் உடம்பு செய்யத் தவறும் ஒரு பொருள். எந்தப் பத்தியமும் அதைச் செய்துதராது. ஊசி இல்லாமல் பத்தியம் மட்டும் என்ற பரிசோதனையை உலகம் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது, ஆயிரக்கணக்கான குழந்தைகளை வைத்து. போனில் உன்னிடம் கடுமையாகத்தான் சொன்னேன். இப்போது காரணத்தையும் எழுதியிருக்கிறேன்.

கீட்டோ என்ற பெயரும் அந்தக் காலத்தில் பிறந்ததுதான். பட்டினி கிடந்தால் வலிப்பு நோய் அடங்குகிறது என்று பழங்காலத்திலிருந்தே பார்த்திருக்கிறார்கள். பட்டினியில் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது கீட்டோன் என்ற பொருள் உண்டாகும். பட்டினி போடாமலேயே, கொழுப்பைக் கூட்டி மாவுச்சத்தை அடியோடு குறைத்து அதே நிலையைக் கொண்டுவரலாமே என்று 1921இல் மேயோ கிளினிக்கின் ரஸ்ஸல் வைல்டர் யோசித்தார். கீட்டோஜெனிக் உணவு என்று பெயர் வைத்தவர் அவர்தான். அதாவது கீட்டோ பிறந்தது எடை குறைக்க இல்லை, வலிப்பு வந்த குழந்தைகளுக்காக. 1938க்குப் பிறகு ஃபெனிட்டாயின் மாத்திரை வந்ததும் அதை ஏறக்குறைய மறந்தார்கள். மாத்திரைக்கு அடங்காத வலிப்புக்கு இன்று மறுபடி கொடுக்கிறார்கள், நம் நாட்டிலும். ஆனால் அது கிராம் கணக்கில் அளந்து, மருத்துவமனைக் கண்காணிப்பில் கொடுப்பது. யூடியூப் பார்த்துச் செய்வது இல்லை.

இனி சிங்கப்பூர் தம்பியின் கேள்வி. இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் இது நம் ஊர்க் கதை.

ஆயிரம் வருஷமாக மூன்று வேளையும் சோறு என்கிறீர்கள். யார் சாப்பிட்டது? நெல் நமக்குப் பழையதுதான், மறுக்கவில்லை. பழனி பக்கத்தில் பொருந்தலில் ஒரு ஈமக்குழியில் கிடைத்த சாடியில் இரண்டு கிலோ அளவுக்கு நெல் இருந்தது. அதன் காலம் கி.மு. 490 என்று கணித்தார்கள். ஆனால் நெல் இருந்தது என்பது வேறு, எல்லார் தட்டிலும் தினமும் சோறு இருந்தது என்பது வேறு. நம் சீமை காவிரிக் கரை இல்லை. செம்மண், சரளை, கண்மாயையும் வானத்தையும் நம்பிய பூமி. மழை பொய்த்தால் கண்மாயில் பிள்ளைகள் கிட்டிப்புள் ஆடுவார்கள். இங்கே சாதாரணக் குடும்பம் சாப்பிட்டது கேப்பை, கம்பு, வரகு, குதிரைவாலி. எங்கள் அப்பத்தா நெல்லுச்சோறு என்று தனியாகச் சொல்வார், ஏனென்றால் வெறுமனே சோறு என்றால் அது வரகுச்சோறாகவும் இருக்கலாம். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பெரிய வீட்டு விசேஷத்துக்கும்தான்.

பிறகு சோறு எங்கிருந்து வந்தது? கணிசமான பங்கு பர்மாவிலிருந்து. 1852இல் ஆங்கிலேயர் கீழ் பர்மாவைப் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் காடும் சதுப்பும் வயலாக மாறி, நெல் விளையும் பரப்பு சில தலைமுறைக்குள் பத்து மடங்கு ஆனது. அந்தக் காட்டை வெட்டி வயலாக்கிய பர்மியக் குடியானவனுக்குக் கடன் கொடுத்தது யார்? கொத்தமங்கலத்திலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் கானாடுகாத்தானிலிருந்தும் கொண்டுவிக்கப் போன நகரத்தார்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல், 1930இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார்களின் நிலம் 1938க்குள் 25 பங்கானது. நம் தெருக்களில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். தூண் மட்டும்தான் கண்ணில் படுகிறது. அதே வழியில் வந்த அரிசியும் நம் உடம்பில் இருக்கிறது, அதை யாரும் படம் பிடிப்பதில்லை. கல்யாண வீட்டில் கறுப்பாகப் பளபளக்கும் கவுனி அரிசிகூட பர்மா வழி வந்தது என்றுதான் நம் பக்கம் சொல்வார்கள்.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கும் மேல் வந்துகொண்டிருந்த பர்மா அரிசி ஒரே வீச்சில் நின்றது. ரேஷன் வந்தது. அந்தப் பட்டினியை எங்கள் தந்தையார் கடைசிவரை மறக்கவில்லை. அதற்கும் முன்னால், 1876இலிருந்து 78வரை தாது வருஷப் பஞ்சம். அப்போது நிவாரண வேலையில் மண் சுமந்த ஆளுக்கு ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி நிர்ணயித்த கூலி நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடவே ஓரணா. ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். இப்படி இரண்டு பஞ்சத்தைச் சுமந்து வந்த ஜனங்களுக்குச் சோறு வெறும் மாவுச்சத்து இல்லை. அது மரியாதை. 1967 தேர்தலில் அரிசி ஆட்சியையே மாற்றியது என்று பாடத்தில் படித்தீர்கள் அல்லவா? ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார்கள். 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூனிலிருந்து ரேஷனில் இலவசம். நம் ஊரில் எந்த வீட்டிலும் அடுப்பு அணையாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பசியைப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் இட்லியும் தோசையும் என்ற பழக்கம் நம் பூமியின் பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு தலைமுறைப் பழக்கம்தான். அந்த இரண்டு தலைமுறையில் ஏர் போய் டிராக்டர் வந்தது, கிணற்றில் இறைப்பது போய் மோட்டார் வந்தது, உரலும் உலக்கையும் போய் மில் வந்தது. சோறு கூடியது, உழைப்பு குறைந்தது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2025இல் வந்த கணக்கு, இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது.

இதை முதலில் எச்சரித்தவர் ஒரு வெள்ளைக்காரர், இடம் நம் குன்னூர். 1920களில் ராபர்ட் மெக்கரிசன் அங்கே எலிகளுக்கு இந்தியாவின் ஒவ்வொரு பகுதி உணவையும் தனித்தனியாகக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்ற சீக்கியர் உணவில் வளர்ந்த எலிகள் கொழுகொழுவென்று இருந்தன. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட மதராஸ் உணவு எலிகள் கடைசி வரிசையில் நின்றன. நியாயமாகச் சொன்னால் அவர் திட்டியது மாவுச்சத்தை இல்லை. பாலும் கீரையும் பருப்பும் இல்லாத வெறுஞ்சோற்றைத்தான். அந்த வேறுபாடு முக்கியம்.

ஏனென்றால் 'அப்போ சிறுதானியத்துக்கு மாறிடுறேன் சார்' என்று பலர் உடனே சொல்கிறீர்கள். நூறு கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம் என்றால், கேப்பையில் 70 கிராம் பக்கம். நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் கேப்பையில் அதிகம், உண்மை. ஆனால் நாலு கேப்பைத் தோசை சாப்பிட்டுவிட்டு அப்பத்தா உணவு என்று நினைத்தால், அப்பத்தா அன்றைக்கு நட்ட நாற்றையும் நாம் நட வேண்டும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் அது வரலாறு ஆகாது. சென்னையில் டாக்டர் எம். விசுவநாதன் 1948இல் ஸ்டான்லியில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கியவர்; 1954இல் ராயபுரத்தில் தனி மருத்துவமனையே கட்டினார். மேல்நாட்டில் மாவுச்சத்தை ஒடுக்கிக்கொண்டிருந்த காலத்தில், நம் ஜனங்கள் சோற்றை விட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். மாவுச்சத்து அதிகமாகவே இருக்கட்டும், ஆனால் நார்ச்சத்தும் அதிகமாக இருக்கட்டும் என்ற உணவு முறையை அவருடைய குழு ஆராய்ந்து எழுதியது. கீரையும் பயறும் காயும் சேர்த்த அந்தத் தட்டிலும் பலருக்குச் சர்க்கரை அடங்கியது. பேலியோ ஒன்றுதான் வழி, மற்றதெல்லாம் ஏமாற்று என்று சண்டை போடுபவர்கள் ராயபுரத்து நோயாளிகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பேலியோ தமிழில் பரவியது ஒரு பத்து வருடக் கதை. நியாண்டர் செல்வன் எழுதிய புத்தகமும், அவருடைய 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' ஃபேஸ்புக் குழுவும்தான் அதற்கு ஊற்று. மளிகைக்கடைக்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் இரத்தப் பரிசோதனைச் சீட்டை வைத்துக்கொண்டு தமிழில் விவாதித்ததை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன். ஒரு வாத்தியாருக்கு அது பெரிய மகிழ்ச்சி. முட்டை, இறைச்சி, பனீர், கீரை, நூறு பாதாம் என்ற அட்டவணை ஒரு காலத்தில் எல்லார் வாயிலும் இருந்தது.

நான் 2016இல், 62 வயதில் தொடங்கினேன். எடை 84 கிலோ, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.6. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு இரண்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். காரைக்குடியில் எனக்குப் பார்க்கும் மருத்துவர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "செய்யுங்க. ஆனா சோற்றை நிறுத்துற அன்னைக்கே கிளிமிபிரைடைப் பாதியாக்கணும்" என்றார். அந்த மாத்திரை கணையத்தை அடித்து இன்சுலின் சுரக்க வைப்பது. சாப்பாட்டில் மாவு இல்லாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும்.

முதல் வாரம் தலைவலி, அசதி, இராத்திரியில் கெண்டைக்கால் இழுப்பு. எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போட்டுக் குடித்தால் கொஞ்சம் தேவலை. மலச்சிக்கல் ஒரு மாதம் வாட்டியது. பத்தாம் நாளிலிருந்து பசி குறைந்தது ஆச்சரியமாக இருந்தது. பதினோரு மணி இட்லிக் கடை வாசனை என்னை அசைக்கவில்லை. கஷ்டம் உடம்பில் இல்லை, பந்தியில். கல்யாண வீட்டில் இலையில் வெள்ளைப் பணியாரமும் கவுனியும் விழும்போது கையைக் குறுக்கே நீட்டுவது நம் ஊரில் அவமரியாதை. என் மனைவி முதல் மாதம் சொன்னது: "சோறில்லாத இலையைப் பார்த்தா துக்க வீடு மாதிரி இருக்கு." ஐந்து மாதத்தில் எடை 73க்கு வந்தது. சராசரி 6.4. கிளிமிபிரைடு முழுதும் நின்றது. கூடவே கெட்ட கொழுப்பு 118இலிருந்து 171க்கு ஏறியது. மருத்துவர் முகம் சுளித்தார். வெண்ணெயையும் தேங்காயையும் குறைத்து, மீனையும் பயறையும் காயையும் கூட்டினேன்.

இப்போது கண்டிப்பான பேலியோவில் இல்லை. மதியம் ஒரு சின்னக் கிண்ணம் சோறு, அதைப் போல மூன்று மடங்கு காயும் கீரையும், முட்டையோ மீனோ. இரவில் சோறும் டிபனும் இல்லை. பொங்கலன்று பொங்கல் உண்டு. எடை 76, சராசரி ஏழுக்குள் நிற்கிறது. பிரிட்டனில் 2017இல் வந்த டைரக்ட் ஆய்வில், சாப்பாட்டையே மொத்தமாகக் குறைத்து எடையைக் குறைத்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஓராண்டில் மருந்தில்லாமல் சர்க்கரை அடங்கியது. அது குறைமாவு முறை இல்லை. என்னைப் போன்ற இரண்டாம் வகைக்காரர்களுக்குப் பாதி வேலையை எடைக் குறைப்பே செய்துவிடுகிறது என்று நினைக்கிறேன்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நூறு பாதாம் தினமும் எனக்கு ஓய்வூதியத்தில் கட்டுப்படியாகும். நூறு நாள் வேலைக்குப் போகும் நம் தெருப் பெண்ணுக்கு ஆகாது. அவள் வீட்டில் அரிசி இலவசம், முட்டைக்குக் காசு. அவளிடம் பேலியோ பேசுவது வீண்பேச்சு. ஆனால் சோற்றைப் பாதியாக்கி, இரண்டு முட்டை, ஒரு கை வேர்க்கடலை, முருங்கைக்கீரை, தட்டைப்பயறு என்று சேர்த்தால் அவளுக்கும் எட்டும். முருங்கை நம் ஊரில் வேலிக்கு வேலி நிற்கிறது.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சிலது மட்டும். இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு சாப்பிடுபவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றை நிறுத்தக் கூடாது. நம் மாணவர் ஒருவர் அப்படி நிறுத்தி, மூன்றாம் நாள் சர்க்கரை இறங்கிக் கண் இருட்டி, வண்டியோடு வரப்பில் விழுந்தார். வரப்பாக இருந்ததால் பிழைத்தார். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் இருப்பவர்கள் கடுமையான கீட்டோவில் இறங்கினால், சர்க்கரை அவ்வளவாக ஏறாமலே இரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. வாந்தி, மூச்சிரைப்பு வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரத்த அழுத்த மாத்திரையையும் எடை குறையக் குறைய மாற்ற வேண்டிவரும். சிறுநீரகத்தில் குறை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தாங்களாகச் செய்யவே கூடாது.

பரிசோதனைச் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பாதீர்கள். எனக்கு அதில் பாதி புரியாது. உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். பர்மாவில் தாத்தா வைத்திருந்த கடைக் கணக்கு, பழைய ரேஷன் அட்டை, அந்தக் காலத்து மளிகைச் சிட்டை எதுவும் வீட்டில் கிடந்தால் அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். 1942க்கு முன் நம் ஊர் வீடுகளில் மாதம் எத்தனை மரக்கால் அரிசி வாங்கினார்கள் என்று குறித்துக்கொண்டிருக்கிறேன்.